கம்பி விட்டுக் கட்டிய வீடு

எண்பதுகளின் பின்பாதியில் நாங்கள் லிவர்மோரில் வீடு வாங்கினோம். மில்பிடாஸ் பக்கம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான் காரணம். என் கணவர் மட்டும் ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம், "கோயில் பக்கத்துல இருக்கணும்னுதான் வாங்கினோம்" என்று பெருமையடித்துக்கொள்வார். அவருக்கு உள்ளூரிலேயே வேலை. எதை வேண்டுமானாலும் சொல்வார். தினமும் மலையேறி இறங்கி மில்பிடாஸுக்குப் போய் வர வேண்டியவள் நான்.

அங்கே ஒரு கம்பெனியில் சிப்புகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். தனியாக ஓட்டினால் தூக்கம் வரும். கூட வர ஆள் கிடைக்குமா என்று விசாரித்ததில், லிவர்மோரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் என் பிரிவிலேயே இருந்தார்கள். ஒருவர் இஸ்ரேல்காரர், ஊர் ஹைஃபா. இன்னொருவர் பாலஸ்தீனர், ஊர் ஜெருசலேம். மூன்று பேரும் கார்பூல் போடப்போகிறோம் என்றதும் எங்கள் மேனேஜர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் கணவர் அதைவிட மோசம்.

"ரெண்டு பேரையும் ஒரே கார்லயா? நடுவுல நீ உக்காந்துப்பியா?"

"ஆளுக்கு ஒரு நாள் ட்ரைவ் பண்ணுவோம். இதுல நடு எங்க இருக்கு?" என்றேன்.

வீட்டில் நாங்கள் அவர்களை ஊர்ப்பேர் சொல்லியே பேசிக்கொண்டோம். ஹைஃபாக்காரர், ஜெருசலேம்காரர். இருவரும் பிறந்த ஊர்களுக்கு நடுவே காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாமாம். லிவர்மோரில் அவர்கள் வீடுகள் அதைவிடப் பக்கத்தில் இருந்தன.

ஹைஃபாக்காரர் வாயாடி. லெபனான் போருக்குப் போய்விட்டு வந்தவர். அங்கே பார்த்தது பிடிக்காமல் அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு அமெரிக்கா வந்ததாகச் சொல்வார். அரசாங்கத்துக்கு அது தெரியுமா என்று நான் கேட்பேன். ஜெருசலேம்காரர் டெக்சஸில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர். வெள்ளிக்கிழமைகூட இஸ்திரி போட்ட சட்டைதான். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் ஹைஃபாக்காரர் பேசிய அத்தனைக்கும் ஒரே வரியில் பதில் இருக்கும். காரில் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் நினைவில் அது தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு நாள் ஹைஃபாக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவில் இஸ்ரேல் ராணுவத்தின்மேல் கல்லெறியும் பாலஸ்தீனப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ செய்தி. பின்சீட்டில் இருந்தவருக்குப் பதில் சொல்வதற்காக மனிதர் முழுசாகத் திரும்பிவிட்டார். எதிரே லாரி. "முன்னால பாருய்யா!" என்று நான் தமிழிலேயே கத்தினேன். அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். பாதி வழியில் வரும் சுனோல் மேடு ஏறி முடிகிறவரை அரசியல் பேசலாம். உச்சியைத் தாண்டிவிட்டால் இறக்கத்தில் வேலைப் பேச்சு மட்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். "அந்த ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் இதுவாத்தான் இருக்கும்" என்றார் என் கணவர்.

ஹைஃபாக்காரருக்கு ஒரே பாட்டு: இரண்டு நாடு. ஒரு கோடு, இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள், ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும். வேறு வழியே கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் வெட்கப்படுகிறார்கள் என்பார். எனக்குக் கேட்கும்போதெல்லாம் எங்கள் பெரியப்பாக்கள் சொத்துப் பாகம் பிரித்தது ஞாபகம் வரும். வீட்டை அழகாக இரண்டாகப் பிரித்தார்கள். கிணறு யாருக்கு என்று நான் கல்லூரி முடிக்கிறவரை கேஸ் நடந்தது. இதைச் சொன்னபோது ஜெருசலேம்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஊர்தான் அந்தக் கிணறு" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் கம்பெனி ஜெருசலேம்காரருக்கு க்ரீன் கார்டு ஸ்பான்சர் பண்ண முன்வந்தது. வக்கீலே அலுவலகத்துக்கு வந்து பேசிவிட்டுப் போனார். தொழிலாளர் துறை அனுமதிவரை எல்லாம் ஆகி, அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மனிதர் போடவில்லை. வேலை விசா முடியப்போகிறது, மனைவி முழுகாமல் இருக்கிறாள், மேஜையில் காகிதம் தூங்குகிறது. எங்கள் ஆட்களில் இதற்காக வருஷக்கணக்காக மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஓட்டிய நாளில், ஃப்ரீவேயில் ஏறியதுமே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? கையில வெச்சுக் கொடுக்கறாங்க, வாங்கிக்கத் தெரியலையா?"

அவர் கோபப்படவில்லை. பர்ஸிலிருந்து நீல உறை போட்ட ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"எங்கிட்ட ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கு. இது பாஸ்போர்ட் இல்ல, குடியுரிமையும் இல்ல. நான் பொறந்த ஊர்ல நான் குடியிருக்கலாம்னு இஸ்ரேல் அரசாங்கம் கொடுத்த அனுமதி. வேற நாட்டுல நிரந்தரமாத் தங்கற உரிமை வாங்கினா இது போயிடும். அப்புறம் எங்க அப்பாவைப் பார்க்க நான் டூரிஸ்ட் விசாவுலதான் போகணும்."

"பொறந்த ஊருக்கா?"

"பொறந்த வீட்டுக்கு."

நான் பக்கத்து சீட்டில் இருந்த ஹைஃபாக்காரரைப் பார்த்தேன். "நீங்க க்ரீன் கார்டு வாங்கிட்டீங்க இல்ல?"

"வாங்கியாச்சு. அடுத்து சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணப்போறேன்."

"அப்போ உங்க ஊர் கார்டு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னுது போகாது" என்றார்.

மேட்டின் உச்சி இன்னும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் யாரும் அரசியல் பேசவில்லை.

இதில் எனக்கு விளங்காத வேடிக்கை ஒன்று இருந்தது. அந்த நீல அட்டையை விட்டுவிடாதே என்று அவரை விடாமல் நச்சரித்தவர் ஹைஃபாக்காரர்தான். "பொறு. நாடு வரப்போகுது. வரும்போது உன்ன மாதிரி ஆள் உள்ளே இருக்கணும். வெளியே நின்னுக்கிட்டு என்ன பண்ணுவே?" என்பார். தன் நாட்டுக்கே இத்தனை அவசரமாக யாரும் ஆள் சேர்த்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது ஜெருசலேம்காரர் ஒரு போட்டோ காட்டினார். அவர் அப்பா வீடு. அப்பா அங்கே தனியாக இருந்தார்; அம்மா இல்லை, இருந்த ஒரே அக்கா குவைத்தில். வெள்ளைக் கல் வைத்துக் கட்டிய, கீழ்த்தளம் மட்டுமே உள்ள வீடு, மேலே தட்டையான மாடித்தளம். தளத்தின் நான்கு மூலையிலும் தூண்களிலிருந்து இரும்புக் கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது எங்க விழுப்புரம் வீடு!" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரிலும் கீழ்வீடு கட்டும்போதே மாடிக்குக் கம்பி விட்டுத்தான் கட்டுவார்கள். பிள்ளை தலையெடுத்தால் மேலே எடுத்துக்கொள்ளட்டும் என்று. என் அப்பாவும் எனக்கும் தம்பிக்கும் என்று விட்டு வைத்திருந்தார். போன் பண்ணினால், "எப்போம்மா வரீங்க? மாடி எடுத்துடலாமா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

ஹைஃபாக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, இது ரொம்பத் தப்பு, மழையில் நனைந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு உள்ளே இறங்கித் தூணையே கெடுத்துவிடும் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தார். ஜெருசலேம்காரரும் நானும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தோம். கம்பி இல்லாத வீடு ஒரு வீடா, முடிந்துபோன வீட்டில் எவன் இருப்பான் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அன்றைக்கு மனிதர் நிஜமாகவே தனியாக மாட்டிக்கொண்டார்.

"அப்பா ஏன் இன்னும் மாடி எடுக்கலை?" என்று பிறகு கேட்டேன்.

"பர்மிட் வேணும். எங்க பக்கத்துக்குத் தரமாட்டாங்க. சமாதானம் வந்தா பர்மிட் வரும், பர்மிட் வந்தா மாடி வரும், மாடி வந்தா நீ வருவேன்னு அப்பா சொல்லிக்கிட்டிருக்கார்" என்றார்.

எண்பத்தெட்டு நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு, அந்தச் செய்தி வந்தது. அல்ஜியர்ஸில் கூடிய பாலஸ்தீனத் தலைவர்கள் தங்கள் நாட்டைப் பிரகடனம் செய்தார்கள். நாற்பது வருஷமாக மாட்டேன் என்று சொல்லிவந்த பிரிவினையை ஏற்றுக்கொண்டதாகவும் அதற்கு அர்த்தம் என்று ரேடியோவில் விளக்கினார்கள். மறுநாள் ஹைஃபாக்காரர் முறை. கார் வாசலுக்கு வருவதற்கு முன்னால் ஹாரன் வந்தது. "ரெண்டு நாடு! அவங்களே சொல்லிட்டாங்க! இனிமே எங்க ஆளுங்க சாக்கு சொல்ல முடியாது!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் ஊரிலும் அந்த மாதம்தான் தேர்தல் முடிந்து, யாருக்கும் சரியான பெரும்பான்மை இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம் அவர் அன்றைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெருசலேம்காரர் பின்சீட்டில் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுனோல் உச்சி வந்தது, தாண்டியது. நான் எதுவும் சொல்லவில்லை. மில்பிடாஸ் வரைக்கும் அரசியல்தான். இறங்கும்போது அவர், "வக்கீல்கிட்ட ஃபைலை நிறுத்தி வைக்கச் சொல்லப்போறேன்" என்றார். ஹைஃபாக்காரர் பார்க்கிங்கிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹைஃபாக்காரர் கோயில் பார்க்க வேண்டும் என்றார். இருவரையும் அழைத்துப்போனோம். ஜெருசலேம்காரரின் மனைவியும் வந்திருந்தாள். அம்மானில் பிறந்து வளர்ந்த பெண். அப்போது ஆறாவது மாதம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். எங்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அங்கிள் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். ஹைஃபாக்காரர் அவரையும் விடவில்லை. ஐந்து வருஷம், இரண்டு நாடு என்று ஆரம்பித்துவிட்டார். டாக்டர் மரியாதையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"போன வருஷம் எங்களுக்கும் இப்பிடித்தான் ரேடியோவில சொன்னவை, பிள்ளை. இந்தியாவும் இலங்கையும் கையெழுத்து வைச்சாச்சு, இனிப் பிரச்சினை இல்லை எண்டு. மனிசி ஊருக்குப் போக எண்டு சூட்கேசை இறக்கி வைச்சவ. இப்ப அதுக்குள்ள கம்பளி உடுப்பு வைச்சிருக்கிறம்."

என்ன சொல்கிறார் என்று ஹைஃபாக்காரர் கேட்டார். புளியோதரை நன்றாக இருக்கிறதாம் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் அத்தனை சந்தோஷமாக இருந்த வாரம் அது ஒன்றுதான். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

டிசம்பரில் அமெரிக்காவே பாலஸ்தீனத் தலைமையோடு பேசத் தயார் என்று அறிவித்தது. ஹைஃபாக்காரர் ஐந்தை மூன்றாகக் குறைத்தார். ஜெருசலேம்காரர் மனைவியை ஜெருசலேமுக்கு அழைத்துப்போக அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார். அவளிடம் நீல அட்டை கிடையாது. அம்மானில் பிறந்தவள், கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காகப் புருஷன் வீட்டில் போய்க் குடியிருக்க முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். இதை அவர் விளக்கியபோது, "மாமியார் வீட்டுக்குப் போறதுக்குக்கூடவா?" என்று கேட்டேன். "உங்க ஊர்ல பொண்ணுங்க போகமாட்டேன்னு அழுவாங்கன்னு சொன்னீங்களே. எங்க ஊர்ல போகணும்னு மனுப் போடறாங்க" என்றார்.

குழந்தை பிப்ரவரியில் பிறந்தது, பெண். அதற்குச் சில வாரம் கழித்து மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் எதுவும் எழுதவில்லையாம். ரேடியோவில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டேதான் இருந்தது. தூதர்கள் வந்தார்கள், போனார்கள், நல்ல சூழ்நிலையில் பேசியதாகச் சொன்னார்கள். ஜெருசலேம்காரர் இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் வந்து காரில் உட்கார்ந்ததும், "வக்கீலைப் பார்க்கறேன்" என்றார். அவர் மட்டும் ஊருக்குப் போனால் மனைவியும் குழந்தையும் வர முடியாது. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமென்றால், அந்த வீடு அமெரிக்காவில்தான் இருக்க முடியும்.

"கொஞ்சம் பொறு" என்றார் ஹைஃபாக்காரர்.

"யாரை இங்க விட்டுட்டு அங்க போய்ப் பொறுக்கட்டும்? பொண்ணையா, பொண்டாட்டியையா?"

எனக்கு ஹைஃபாக்காரர்மேல் கோபமாக வந்தது. திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கிறவருக்குப் பொறுமையைப் பற்றிப் பேசுவது சுலபம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே நம்பியிருந்தார்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது க்ரீன் கார்டு வந்தால் கேசரி. பிள்ளை பிறந்தால்கூடச் சிலர் கடை இனிப்பை நீட்டிவிடுவார்கள்; க்ரீன் கார்டுக்கு மட்டும் வீட்டில் கிளறியே ஆக வேண்டும். கோயிலில் அர்ச்சனை, பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி. எங்களுக்கு வந்தபோது நான் ஒரு பெரிய அடுக்கு நிறையக் கிளறினேன். பெயர்தான் க்ரீன் கார்டு, கைக்கு வந்தபோது அதில் பச்சையே இல்லை. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஜெருசலேம்காரருக்கு அப்ரூவல் வந்துவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அன்று மாலையே நான் ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அவரு கேசரி சாப்பிடற மூட்ல இருப்பாரா?" என்றார் என் கணவர்.

"க்ரீன் கார்டுக்கு எவனாவது அழுவானா? இனிமே பொண்டாட்டி பிள்ளையோட நிம்மதியா இருப்பார் இல்ல? அது நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். முந்திரி கொஞ்சம் நிறையப் போடு" என்றார்.

மறுநாள் என் முறை. ஜெருசலேம்காரர் ஏறி உட்கார்ந்ததும் எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்து, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றேன். அவருக்கு என்னவென்று புரியவில்லை. எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். க்ரீன் கார்டு வந்தால் நாங்கள் இதைச் செய்வோம் என்றேன். பின்சீட்டிலிருந்து ஹைஃபாக்காரர் பெருமூச்சு விட்டது கேட்டது. ஜெருசலேம்காரர் டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்து மலையெல்லாம் பச்சையாகத் தொடங்கியிருந்தது. காலையில் மூன்று மணிக்கு எழுந்து கிளறியதுபோல எனக்குக் கண் எரிந்தது. கோபமா வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை.

உச்சியைத் தாண்டியபிறகுதான் அவர் பேசினார்.

"நேத்து அப்பாவுக்குப் போன் பண்ணினேன்."

ஹைஃபாக்காரர், "மேடு தாண்டிடுச்சு" என்றார் மெதுவாக.

"இது அரசியல் இல்ல. வீட்டு விஷயம். கம்பி வழியாத் தண்ணி இறங்கி உள்ளே ஒழுகுதாம். நீ சொன்னியே, அதேதான். அறுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். ஆளைக் கூப்பிட்டு, தளத்தோட தளமா அறுத்து, மேலே சிமெண்ட் பூசிடச் சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னார்?" என்றேன்.

"துணி எங்கே காயப்போடறதுன்னு கேட்டார்."

பிறகு டப்பாவைத் திறந்தார். ஸ்பூன் கொண்டுவந்திருந்தேன், கேட்கவில்லை; கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். இது என்ன, எதில் செய்வது என்று விசாரித்தார். தங்கள் ஊரிலும் ரவையில் ஓர் இனிப்பு உண்டு என்றார். நன்றாக இருக்கிறது என்றார். ஹைஃபாக்காரரிடம் டப்பாவை நீட்டினார். அவர் ஒரு விள்ளல் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கிங்கில் இறங்கும்போதும் அது அவர் கையிலேயே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் விழுப்புரத்துக்குப் போன் பண்ணினேன். மாடித் தூண் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று அப்பாவைக் கேட்டேன்.

"இறங்கினா என்னம்மா? நீங்க வந்து மாடி எடுத்தா சரியாப் போயிடும். எப்போ வரீங்க?"

எங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. யாரிடமும் எந்த மனுவும் போட வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கினால் போதும், சென்னையில் இறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்குள் நடந்து போய்விடலாம். "பார்க்கலாம்ப்பா" என்றேன். அப்பா இருந்தவரை அந்தக் கம்பிகளை யாரும் அறுக்கச் சொல்லவில்லை. நாங்களும் போகவில்லை.